பழியை ஆள்மேல் போடுமுன் பாட்டிலைப் பாருங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் டிராக்டர், ஜேசிபி, ஹிட்டாச்சி வைத்திருக்கும் ஓனர்களுக்கும் அவற்றை ஓட்டும் ஆபரேட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, தம்பிமாரே,

வேலூர் லாங் பஜாரில் கேன், புனல், ஓஸ், பேரல் பம்ப் விற்கும் கடைக்காரன் நான். பங்க்கில் டீசல் அடித்து ஏரிக்கரைக்கும் மலைச் சரிவுக்கும் கொண்டுபோக நீங்கள் வாங்கும் பாத்திரங்கள் என் போன்றவர்களின் கடையிலிருந்துதான் போகின்றன. அதனால் வண்டி நின்றுபோன செய்தியும் எங்கள் காதுக்குச் சீக்கிரம் வந்துவிடும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் "டீசல்ல தண்ணி அண்ணே" என்ற பேச்சைக் கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை.

அந்தப் பேச்சு பெரும்பாலும் சண்டையில் போய் முடிகிறது. டீசலை விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றியிருப்பான் என்று ஓனர் ஆபரேட்டரைச் சந்தேகப்படுகிறார். ஆபரேட்டர் பங்க்கைக் கைகாட்டுகிறார். பங்க்காரர் கேனைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார். மூவரிடமும் ஆதாரம் கிடையாது. கடைசியில் பழி, எதிர்த்துப் பேச வழியில்லாதவன் தலையில் விழுகிறது. பேட்டா நிறுத்தப்படுகிறது, சம்பளம் பிடிக்கப்படுகிறது. அடுத்த ஓனரிடம் வேலை கேட்டுப் போகுமுன்பே பெயர் கெட்டுப்போகிறது. எஞ்சினில் கெட்டதைக் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். திருடன் என்று சொல்லப்பட்டவன் பெயரை எந்த மெக்கானிக்கும் சரிசெய்து தர முடியாது.

இந்த மடலை எழுத வைத்தது அதுதான். டீசல் எந்த இடத்தில் கெட்டது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதற்கு வேண்டியது மூன்று கண்ணாடி பாட்டில்களும் கொஞ்சம் பொறுமையும். அதைச் சொல்லுமுன், நம் வண்டிகளுக்கு மட்டும் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதைப் பார்ப்போம்.

கேனில் வரும் டீசல்

லாரியும் காரும் பங்க்குக்குப் போய் டீசல் போட்டுக்கொள்கின்றன. குடியாத்தம் பக்கம் தென்னந்தோப்பில் உழும் டிராக்டருக்கும், ஏரி தூர்வாரும் ஹிட்டாச்சிக்கும், புதூர்நாடு மலைப்பாதையில் மண் வெட்டும் ஜேசிபிக்கும் டீசல் கேனில்தான் வருகிறது. பங்க்கின் நாசிலிலிருந்து கேன், கேனிலிருந்து பேரல், பேரலிலிருந்து வாளி, வாளியிலிருந்து புனல், புனலிலிருந்து டேங்க். ஒவ்வொரு கைமாற்றத்திலும் தூசியும் ஈரமும் சேர இடமிருக்கிறது.

டீசலும் தண்ணீரும் கலப்பதில்லை. டீசலின் அடர்த்தி சுமார் 0.83, தண்ணீருக்கு 1. அதனால் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். சமமான ரோட்டில் ஓடும் காரின் டேங்கில் அடியில் கிடக்கும் கொஞ்சம் தண்ணீர் பல நாள் அசையாமலே இருக்கக்கூடும். நம் வண்டிகள் சரிவில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், பக்கெட்டைத் தூக்கும்போது குலுங்கும். அடியில் இருந்த தண்ணீரும் சேறும் அப்போது கிளம்பி உறிஞ்சு குழாயின் வாய்க்கே வந்துவிடும். காலையில் நன்றாக ஓடிய வண்டி பத்து மணிக்குச் சரிவில் நின்றுபோவதன் காரணம் பல நேரம் இதுதான். ஆபரேட்டர் அந்த நேரத்தில் எதையாவது ஊற்றியிருப்பான் என்று நினைக்க அவசியமில்லை.

முன்பெல்லாம் இப்படியா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைகோ நிறுவனத்தின் பம்புகள் நம் டிராக்டர்களில் பல தலைமுறை உழைத்தன. இன்றும் பல பட்டறைகளில் டீசல் பம்பை மைகோ பம்ப் என்றே சொல்கிறார்கள். அந்தக் காலத்து நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். கொஞ்சம் அழுக்கையும் ஈரத்தையும் அது பொறுத்துக்கொண்டது. கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலிலும், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலும் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அவற்றோடு காமன் ரயில் முறையும் பரவலாக வந்தது. அதில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போகும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். அத்தனை அழுத்தத்தைத் தாங்கும் இன்ஜெக்டரின் உள் இடைவெளிகள் சில மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த இடைவெளியில் உராய்வைத் தடுப்பது டீசலின் வழுவழுப்பு. அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தால் இரும்போடு இரும்பு உரசும், துருப் பிடிக்கும், சூடான நாசில் முனையில் தண்ணீர் திடீரென ஆவியாகி முனையையே உடைத்துவிடவும் கூடும்.

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பிஎஸ் 6 டீசலுக்கான தரம், ஒரு கிலோவில் 200 மில்லிகிராம் தண்ணீருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. மண், துரு போன்ற திடப்பொருள் 24 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் சொன்னால், 100 லிட்டர் டீசலில் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி அளவு, அழுக்கு 2 கிராம். கழுவிவிட்டு ஈரம் காயாத ஒரு கேனின் மூலையிலேயே அந்த ஒரு கரண்டித் தண்ணீர் இருக்கும். பங்க்கில் சுத்தமாக வாங்கிய டீசலை வழியிலேயே தரம் கெட்டதாக்க நமக்கு அதிக நேரம் ஆவதில்லை.

நம் ஊர்ப் பேரல்களின் ஆபத்து

தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதிக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை டேனரிகளுக்கு ரசாயனம் கொண்டுவரும் நீல பேரல்களும் கேன்களும் காலியானதும் பழைய சாமான் கடைகள் வழியாக ஊரெங்கும் போகின்றன. விலை குறைவு, உறுதி அதிகம். பார்வைக்கும் சுத்தமாகத்தான் இருக்கும். அவற்றில் டீசலை ஊற்றிவைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

பதனிட்ட தோலை மென்மையாக்க ஃபேட் லிக்கர் என்ற எண்ணெய்க் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரோடு சேர்ந்து கரையும்படியே தயாரிக்கப்பட்ட எண்ணெய் அது. அதன் மிச்சம் பேரலின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் டீசலும் தண்ணீரும் பால்போல ஒன்றாகிவிடும். பிறகு வண்டியின் வாட்டர் செப்பரேட்டரால் தண்ணீரைப் பிரிக்க முடியாது. கிண்ணத்தில் தங்காமல் அது நேரே பம்புக்குப் போகும். ஃபார்மிக் அமிலம் வந்த கேனில் மிச்சமிருக்கும் துளிகள் இரும்பு டேங்கையும் குழாயையும் அரிக்கும். சோடியம் சல்பைடு செம்பு, பித்தளைப் பாகங்களைக் கெடுக்கும். பச்சைத்தோல் வைத்த இடத்தில் கிடந்த பேரலில் உப்பு படிந்திருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு நிற்காது. "நாலு தடவை கழுவிட்டேன்" என்றாலும் போதாது. ரசாயனம் இருந்த பாத்திரத்தில் டீசல் வைக்கவே கூடாது.

இன்னும் இரண்டு பாத்திரங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, புதிய லாரிகளுக்கு ஊற்றும் டெஃப் திரவம் வரும் கேன். அதில் இருப்பது 32.5 சதவீத யூரியாவும் மீதி தண்ணீரும். மிச்சம் காய்ந்தால் வெள்ளைப் படிகமாகும். டீசலோடு போனால் பில்டரை அடைத்து பம்பை அரிக்கும். மற்றொன்று, துத்தநாகம் பூசிய தகர வாளி. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பசை போன்ற படிவை உண்டாக்கும். அது இன்ஜெக்டரில் போய் ஒட்டிக்கொள்ளும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அந்த வாளி நல்லது, டீசலுக்கு ஆகாது.

கடும் மின்வெட்டு இருந்த 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜெனரேட்டருக்காகப் பேரல் கணக்கில் டீசல் சேர்த்துவைக்கும் பழக்கம் நம் தொழிற்கூடங்களில் வேரூன்றியது. இன்று ஜெனரேட்டர் ஓடும் நேரம் குறைந்துவிட்டது. டீசல் மாதக்கணக்கில் பேரலிலேயே நிற்கிறது. அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்து ஜேசிபிக்கு ஊற்றுகிறோம். நின்ற டீசலும் அதன் அடியில் தங்கிய தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் ஒருவகைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். விமான எரிபொருள் தொட்டிகளில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொல்லை கொடுத்த பூஞ்சை அது. நம் ஊர் வெப்பம் அதற்கு மிகவும் ஏற்றது. கறுப்பாகவோ பழுப்பாகவோ கொழகொழவென்று பில்டரில் ஒட்டியிருப்பதைத் தார் என்று நினைக்கிறோம். பல நேரம் அது இந்த வளர்ச்சிதான். தண்ணீர் இல்லாத டீசலில் அதனால் வாழ முடியாது. எனவே தண்ணீரை வடிப்பதே அதற்கு முதல் மருந்து.

துணி வடிகட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வேட்டியைப் புனலில் போட்டு வடிகட்டினால் மண் நிற்கும், தண்ணீர் நிற்காது, பஞ்சு நூலும் உள்ளே போகும். மோட்டார் வண்டிகளும் விமானங்களும் புதிதாக வந்த காலத்தில், எண்ணெய்ப் பதம் செய்த மென்மையான ஷாமி தோலைப் புனலில் விரித்து எரிபொருளை வடித்தார்கள். எரிபொருளில் முதலில் நனைத்த ஷாமி தோல் எரிபொருளை விடும், தண்ணீரைத் தடுக்கும். தோல் தொழிலில் கைதேர்ந்த நமக்கு அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இன்று அதே வேலையைச் செய்யும் நுண்வலை பொருத்திய புனல்கள் கிடைக்கின்றன. விலை சாதாரணப் புனலைவிட அதிகம்தான். ஒரு இன்ஜெக்டரின் விலையோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை.

பங்க்கில் நம் உரிமை

பங்க்கில் தவறே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. 2025 ஜூனில் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் முதல்வர் மோகன் யாதவின் பயணத்துக்காக வந்த 19 கார்கள் ஒரே பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டு சற்று தூரத்திலேயே நின்றுபோயின. டேங்கிலிருந்து டீசலோடு தண்ணீரும் வடிந்தது. பங்க்குக்குச் சீல் வைத்தார்கள். மழைநீர் நிலத்தடித் தொட்டிக்குள் கசிந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. முதல்வர் வண்டிக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம்.

தெரிந்தே கலப்படம் செய்பவர்களை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நம் வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் போய் உழைத்த கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர் சண்முகம் மஞ்சுநாத். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் வேலை பார்த்தார். கலப்பட எரிபொருள் விற்ற பங்க்கை மூட நடவடிக்கை எடுத்தார். மீண்டும் சோதிக்கப் போனபோது 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. கொலையாளிகளின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே எண்ணெய்க் கலப்படக் கும்பலைப் பிடிக்கப் போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள். நல்ல எரிபொருளுக்காக இவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. சட்டம் நமக்குத் தந்திருக்கும் சிறிய சோதனைகளைக் கேட்டு வாங்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

பங்க்கில் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். பிஎஸ் 6 டீசலின் அடர்த்தி 15 டிகிரி வெப்பநிலையில் கன மீட்டருக்கு 810 முதல் 845 கிலோவுக்குள் இருக்க வேண்டும். டேங்கர் இறக்கியபோது பதிந்த அளவுக்கும் நீங்கள் கேட்டுச் சோதிக்கும் அளவுக்கும் 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்தால் அடர்த்தி இறங்கும். அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். வடிதாள் சோதனை பெட்ரோலுக்கானது. டீசலுக்கு அதைக் கேட்டுப் பயனில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவுகோலில் தடவி விடுவார்கள். பெருமழைக்கு மறுநாள் அதைப் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் டீசல் அடிக்காதீர்கள். அடியில் தங்கியது கலங்கி மேலே வரும்.

பில் இல்லாமல் டீசல் வாங்காதீர்கள். பில் இருந்தால்தான் எண்ணெய் நிறுவனத்திடமும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், நுகர்வோர் ஆணையத்திலும் பேச முடியும். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துபவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. கடன் வாங்கி ஒரே ஒரு வண்டியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கும் நம் தம்பிகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்று பாட்டில்

இனி அந்தப் பாட்டில் விஷயம். வாய் அகன்ற கண்ணாடி பாட்டில்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

முதல் பாட்டிலில், பங்க்கில் நாசிலிலிருந்து நேராகக் கொஞ்சம் பிடியுங்கள். தேதி, பில் எண், பங்க் இருக்கும் ஊர் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது பாட்டிலில், கேனை வேலையிடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துவிட்டு, டேங்கில் ஊற்றுமுன் அதன் அடியிலிருந்து கைப்பம்பால் எடுங்கள். மூன்றாவது பாட்டில், மறுநாள் காலையில் வண்டியை எடுக்குமுன் டேங்கின் அடித் திருகிலிருந்தோ செப்பரேட்டர் கிண்ணத்திலிருந்தோ வடிப்பது.

மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்ல டீசல் தெளிவாக இருக்கும்; அதன் வழியே எழுத்தைப் படிக்கலாம். முதல் பாட்டிலிலேயே அடியில் தண்ணீர் கோடு தெரிந்தால் குறை பங்க்கில். முதலாவது தெளிவாக இருந்து இரண்டாவதில் தண்ணீரோ மண்ணோ தெரிந்தால் குறை கேனில், அல்லது கேன் வந்த வழியில். முதல் இரண்டும் சுத்தமாக இருந்து மூன்றாவதில் மட்டும் கெட்டிருந்தால் டேங்கில் தேட வேண்டும்: மூடி, காற்றுத்துளை, பழைய துரு, இரவில் உள்சுவரில் படியும் ஈரம் என்று பல காரணங்கள் உண்டு. யாரோ ஊற்றினார்கள் என்ற சந்தேகம் இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் வரவேண்டும்.

நாமே பிடித்துவைத்த பாட்டில் மட்டும் சட்டத்தின் முன் முழுச் சாட்சி ஆகாது. அதற்கு அதிகாரிகள் முறைப்படி சீல் வைத்து எடுக்கும் மாதிரி வேண்டும். ஆனால் ஓனருக்கும் ஆபரேட்டருக்கும் இடையிலான வழக்கு கோர்ட்டுக்குப் போவதில்லை. அது டீக்கடையில் பேசி முடிவாகிறது. அங்கே இந்தப் பாட்டில் போதும்.

வண்டி நின்றுவிட்டால்

வெள்ளைப் புகை, மிஸ்ஸிங், லோடு எடுக்காமை, தட்டும் சத்தம், செப்பரேட்டர் விளக்கு எரிவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் டேங்கில் இருக்கும் தண்ணீர் பம்ப், ரயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொரு படியாக உள்ளே போகிறது. டேங்கோடு நின்றிருக்க வேண்டிய செலவு எஞ்சின் வரை போவது அப்படித்தான். மணிக்கணக்கு வாடகை போகிறதே என்று ஓனர் போனில் அவசரப்படுத்தினாலும் ஆபரேட்டர் உறுதியாக மறுக்க வேண்டும். ஓனரும் அந்த மறுப்பை மதிக்க வேண்டும்.

பிறகு செப்பரேட்டர் கிண்ணத்தை ஒரு பாட்டிலில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் சிறிதளவு வந்து, அதன்பின் தெளிந்த டீசல் வந்தால் அங்கேயே சரிசெய்யலாம். கலங்கலாகவோ, கொழகொழப்பாகவோ, பெட்ரோல் வாசனையோடோ, வெள்ளைப் படிகத்தோடோ வந்தால் டேங்க் முழுவதையும் வடிக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் வலையைக் கழற்றி, பஞ்சு உதிராத துணியால் டேங்கைத் துடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் டீசல் இருந்த டேங்கில் வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவி வெடிக்கும்.

குழாய்களை ஊதிச் சுத்தம் செய்து, இரண்டு பில்டர்களையும் மாற்றுங்கள். புதிய பில்டரில் கேன் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் பழைய வண்டியோடு போகட்டும். காமன் ரயில் வண்டியில் பில்டரைக் காலியாக மாட்டிக் கைப்பிரைமரால் ஏர் எடுங்கள். உயர் அழுத்தக் குழாயின் நட்டை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. கசிவைத் தேட விரலை வைக்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும்; உள்ளே விரலே அழுகிப்போகும். அப்படி நேர்ந்தால் மணிக்கணக்கில் பார்த்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பால் பிராண்ட் கை அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்த சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊர் இது. அதன் அருகில் இருந்துகொண்டே தாமதத்தால் ஒருவர் விரலை இழக்கக் கூடாது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் சுத்தம் செய்வதற்காக டேங்கில் ஊற்றாதீர்கள். அவை வழுவழுப்பை எடுத்துவிடும். வண்டி ஓடத் தொடங்கிய சில நாட்களில் பில்டரை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஒளிந்திருந்த அழுக்கு அப்போதுதான் வந்து சேரும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்கள் நாம். வெள்ளநீர் ஏறிய இடத்தில் நின்ற எந்த வண்டியையும் டேங்கை வடிக்காமல் செல்ஃப் அடிக்கக் கூடாது என்பதை இனி வரும் மழைக்கும் மனதில் வையுங்கள்.

அப்படி வடித்த கெட்ட டீசலை எங்கே ஊற்றுவது? சாக்கடையிலும் வாய்க்காலிலும் மண்ணிலும் ஊற்றுகிறோம். தோல் கழிவால் பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. டேனரிகளைக் குறைசொல்லும் உரிமை நமக்கு இருக்க வேண்டுமானால் நம் கையிலிருந்தும் ஒரு சொட்டு அந்த மண்ணில் விழக் கூடாது. கெட்ட டீசலை மூடிய பேரலில் தனியாகச் சேர்த்து, பழைய எஞ்சின் ஆயில் எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

நான் கேட்பது

ஓனர் அண்ணன்மாரே, ஒவ்வொரு வண்டிக்கும் டீசலுக்கென்றே ஒரு புதிய கேன் வாங்கிக் கொடுங்கள். வேறெதற்கும் அதைத் தொடவிடாதீர்கள். பூட்டுள்ள டேங்க் மூடி போடுங்கள். திருட்டுப் பயத்தில் மாலையில் டேங்கைக் காலியாக விட்டால் இரவு ஈரம் உள்ளே படியும். பூட்டு இருந்தால் மாலையிலேயே நிரப்பலாம். சேமித்த டீசலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 2,500 லிட்டருக்கு மேல் வைக்கவும், ஒரே பாத்திரத்தில் 1,000 லிட்டருக்கு மேல் வைக்கவும் பெட்ரோலியச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டிலைப் பார்க்காமல் ஒருவரையும் திருடன் என்று சொல்லாதீர்கள்.

ஆபரேட்டர் தம்பிமாரே, காலையில் சாவி போடுமுன் கிண்ணத்தை வடியுங்கள். இரவெல்லாம் அடியில் தங்கிய தண்ணீர் வண்டி குலுங்குமுன் வெளியே வந்துவிடும். கேன் மூடியைத் தரையில் வைக்காதீர்கள். டேங்க் மூடி தொலைந்தால் துணியைத் திணித்து ஓட்டாமல் அன்றே ஓனரிடம் சொல்லுங்கள். டீசலை வாயால் உறிஞ்சி இழுக்காதீர்கள். நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து. கெட்டது தெரிந்தால் மறைக்காதீர்கள். முதல் மணி நேரத்தில் சொல்லப்பட்ட குறை பில்டர் செலவோடு முடிந்துவிட வாய்ப்பு உண்டு.

லாங் பஜாரிலும் மண்டித் தெருவிலும் கேனும் பேரலும் விற்கும் என் சக வியாபாரிகளே, ரசாயனம் வந்த பேரல் எது, புதியது எது என்று கேட்காமலே வாங்குபவரிடம் சொல்லிவிடுவோம். டீசலுக்கு என்று கேட்பவருக்கு ரசாயனப் பேரலை விற்பதில்லை என்று முடிவெடுப்போம். அதனால் போகும் லாபம் சிறிது. என் கடையில் இன்றுமுதல் டீசல் கேன் வாங்கும் ஒவ்வொருவருக்கும், கேன்மேல் "டீசல் மட்டும்" என்று அழியாத மையில் எழுதி, கூடவே மூன்று கண்ணாடி பாட்டில்களைக் காசில்லாமல் தருகிறேன். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் தேதி, பில் எண், ஓனர் கையொப்பம், ஆபரேட்டர் கையொப்பம் என்று நான்கு வரி இருக்கும். இருவரும் ஒரே சீட்டில் கையெழுத்திடும் வழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், இந்த மூன்று மாவட்டங்களிலும் ஆதாரமில்லாத பழியோடு ஒருவரும் வேலையைவிட்டுப் போக வேண்டியிருக்காது.

அன்புடன்,
கேன் கடைக்காரன்
லாங் பஜார், வேலூர்